அட்டை அண்ணனும் அறுபது கிலோ பாகற்காயும்

காஞ்சிபுரத்தில் கடவுளோடு சண்டை போட்டவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். கத்திரிக்காய் விலையோடு சண்டை போட்டவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் அட்டை அண்ணன். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறதாம். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருக்காரர்கள் யாரும் அதைப் பார்த்ததில்லை.

தறியின் மேல் ஓட்டை போட்ட அட்டைகளைச் சரமாகக் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் இழை எழும்பும், சேலையில் மயிலோ மாங்காயோ விழும். அந்த ஓட்டைகளைப் போடுவதுதான் அண்ணனின் தொழில். காகிதத்தில் எழுதியதையோ வாயால் சொன்னதையோ அவர் நம்பமாட்டார். டாக்டர் கொடுத்த மருந்துச் சீட்டை அட்டையில் ஓட்டையாக்கி, அந்த டாக்டரிடமே நீட்டி, சரியா பாருங்கள் என்று கேட்டவர் அவர்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தக்காளி விலை தாறுமாறாக ஏறியது. அண்ணன் நேராக மண்டிக்கே போய் நியாயம் கேட்டார். மண்டிக்காரர், "வேணும்னா வாங்கு, இல்லன்னா ரசத்த வெறும் புளியில வெச்சிக்கோ" என்று சொல்லிவிட்டார். அன்று சாயங்காலமே அண்ணன் முப்பது வீட்டுக் கதவைத் தட்டினார். பக்கத்துக் கிராமமான கூரத்தில் காய்கறி பயிரிடும் செல்வியம்மாவிடம் தெருவே சேர்ந்து வாங்குவது என்று முடிவானது. நாங்கள் முதல் நாளே சொல்ல வேண்டியது, அவர் அதை மட்டும் பறித்துச் செவ்வாயும் சனியும் லோடு ஆட்டோவில் கொண்டுவர வேண்டியது. மண்டியில் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு வந்த அவருக்கும் லாபம், எங்களுக்கும் லாபம்.

சட்டதிட்டமெல்லாம் அண்ணன் வகுத்ததுதான். காயைப் பொறுக்கக் கூடாது. வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்த்தால் கூடையில் உள்ள அத்தனையும் ஒடித்தவர் தலையில். என் மனைவிக்கு அந்தக் கை சும்மா இருக்காது. ஒரு வாரம் எங்கள் வீட்டில் காபியைத் தவிர மற்றதெல்லாம் வெண்டைக்காய்.

ஆர்டரும் அட்டையில்தான். வீட்டுக்கு ஒரு அட்டை, காய்க்கு ஒரு வரிசை, அரை கிலோவுக்கு ஓர் ஓட்டை. முதல் வரிசை தக்காளி, கடைசி வரிசை யாரும் சீண்டாத பாகற்காய். முப்பது அட்டையையும் சரமாகக் கோத்து ஆட்டோவில் கூரத்துக்கு அனுப்புவார். வாட்ஸ்அப் குரூப் போடலாம் என்று இளவட்டங்கள் சொன்னபோது அண்ணன் சீறினார். ஃபோனில் அனுப்புகிறவன் அஞ்சு நிமிஷத்தில் அழித்துவிடுவான், ஓட்டையை எப்படி அழிப்பான் என்றார். அட்டையில் இருப்பதுதான் ஆர்டர், அதற்கு மேல் ஒரு ஃபோன் கூடாது என்று செல்வியம்மாவிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

மண்டிக்காரருக்கு வயிறு எரிந்தது. தெருவுக்குக் காய் கொடுத்தால் மண்டிப் பக்கமே வரக் கூடாது என்று செல்வியம்மாவை மிரட்டினார். அந்தத் தெருக்காரர்கள் ஒருநாள் நட்டாற்றில் விடுவார்கள், அப்போது தன் காலில்தான் வந்து விழ வேண்டும் என்றும் சொன்னாராம். செல்வியம்மா மண்டியை விட்டுவிட்டு எங்களை நம்பினார்.

ஒரு சனிக்கிழமை காலை ஆட்டோ வந்தது. இறக்கினால் பாகற்காய். அடுத்த மூட்டையும் பாகற்காய். மொத்தம் அறுபது கிலோ. தக்காளி மருந்துக்குக்கூட இல்லை.

செல்வியம்மா அட்டைச் சரத்தை நீட்டினார். "நாலு பேர் கொல்லியில அலைஞ்சி பறிச்சிக்கினு வந்தேன்பா. தெருவுக்கே சுகர் வந்துடுச்சின்னு நெனச்சிக்கினேன்."

அண்ணன் சரத்தை வாங்கித் தூக்கிப் பார்த்தார். முகம் செத்துவிட்டது. சேலையின் இரண்டு கரையிலும் மயில் ஒன்றையொன்று பார்க்க வேண்டுமானால், ஒரு கரைக்கான அட்டைகளைத் திருப்பிக் கோக்க வேண்டும். முந்தின நாள் முழுக்க அந்த வேலையாக இருந்தவர், அதே கையோடு எங்கள் அட்டைகளையும் திருப்பிக் கோத்துவிட்டார். முதல் வரிசை கடைசியாகிவிட்டது. முப்பது வீட்டுத் தக்காளியும் பாகற்காயாகிவிட்டது.

திருப்பி அனுப்பிவிடலாம் என்று முதலில் கத்தியவன் நான்தான். ஒத்துக்கொள்கிறேன். ஆளாளுக்கு ஆமாம் போட்டார்கள். எங்கிருந்து மோப்பம் பிடித்தாரோ, மண்டிக்காரர் பைக்கில் வந்து இறங்கி, பாவம், கிலோவுக்கு ஏதோ கொடுத்து நானே எடுத்துக்கொள்கிறேன் என்று செல்வியம்மாவைப் பார்த்துச் சிரித்தார். செல்வியம்மா எங்களைப் பார்த்தார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அண்ணன் மூட்டைக்கும் பைக்குக்கும் நடுவில் போய் நின்றார். "அவங்க மேல தப்பே இல்ல. ஓட்ட போட்டது நாங்க, பறிச்சது அவங்க. எங்க ஓட்டய நாங்களே துன்னுக்குவோம். ஒரு காய் உன் மண்டிக்கு வராது. வண்டிய எடு."

மண்டிக்காரர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். வண்டியை எடுத்தார். வீட்டுக்கு இரண்டு கிலோ என்று அண்ணன் அப்போதே நிறுத்துக் கொடுத்துவிட்டார்.

பிறகு நடந்தது பெரிய கொடுமை. பொரியல், குழம்பு, பிட்லை, சிப்ஸ். ஒரு மகராசி தோசையிலும் போட்டார். திங்கட்கிழமை காலை, மிச்சம் ஒரு கிலோவைப் பையில் போட்டு அண்ணன் வீட்டு வாசலில் சத்தமில்லாமல் வைத்துவிட்டு ஓடிவிடலாம் என்று போனேன். அங்கே ஏற்கெனவே ஏழெட்டுப் பைகள் இருந்தன. ஒண்டி ஆளான மனிதர் உள்ளே தரையில் உட்கார்ந்து அரிவாள்மணையில் பாகற்காயை வட்டம் வட்டமாக அரிந்துகொண்டிருந்தார். என் பையைப் பார்த்தார்.

"வெய்யில் நல்லா இருக்குது. வத்தல் போட்டுட்டா வீணாவாது" என்றார்.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே திரும்பினேன்.

அன்று சாயங்காலம் மறுநாள் ஆர்டருக்காக வழக்கம்போல் அட்டையும் உளியுமாக வீடு வீடாக வந்தார். எங்கள் வீடு தெருவின் கடைசி. வரும்போதே அவர் முகம் ஒரு மாதிரி இருந்தது. இரண்டு கிலோ தக்காளி சொன்னேன். அதோடு அரை கிலோ பாகற்காயும் சொன்னேன்.

கடைசி வரிசையில் ஓட்டையைப் போட்டார். அதை மற்ற அட்டைகளோடு சேர்த்துப் புரட்டினார். "இன்னாபா, நீயுமா? முப்பது வீடும் சொல்லிட்டீங்க" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

நாங்கள் யாரும் கூடிப் பேசிக்கொள்ளவில்லை. இன்றுவரை எங்கள் தெருவுக்கு வாராவாரம் பாகற்காய் வருகிறது. எனக்கு அது தொண்டையில் இறங்காது. இதைப் படிக்கும் காஞ்சிபுரத்துக்காரர்கள் யாராவது அண்ணனைப் பார்த்தால், தயவு செய்து இதை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.