உஷ் டீச்சரின் உச்சிவேளைப் பள்ளிக்கூடம்

உலகத்திலேயே சத்தமில்லாமல் பள்ளிக்கூடம் நடத்திய ஒரே ஆள் எங்கள் உஷ் டீச்சர்தான். இல்லை என்று யாராவது சொன்னால் நேரில் வரட்டும், நான் பேசிக்கொள்கிறேன். எழுபதுகளின் கடைசியில் நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் இருந்தவர்கள் யாரும் அவளை மறந்திருக்க மாட்டார்கள். சிலருக்கு இன்னும் கனவில் வருகிறாளாம்.

டீச்சர் என்றதும் பெரிய படிப்பு படித்தவள் என்று நினைத்துவிடாதீர்கள். எட்டாவதோடு நிறுத்திவிட்டுக் கல்யாணம் பண்ணிக்கொண்டவள். அவள் வீட்டுக்காரர் மைன்ஸில் மண் தோண்டும் பெரிய சக்கர மெஷின் ஆபரேட்டர். அந்த மே மாசம் பகல் வெயிலுக்குப் பயந்து, கூட்டாளியிடம் பேசி நைட் ஷிப்ட்டுக்கு மாறிக்கொண்டார். மாறிய முதல் வாரமே மெஷின் மேலேயே கண்ணசந்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர் தோளைப் பிடித்து உலுக்கியிருக்காவிட்டால் மனுஷன் பள்ளத்தில் விழுந்திருப்பார்.

“அடுத்த வாட்டி உலுக்கறதுக்கு ஆளு இருக்கணுமேக்கா” என்று என் அடுப்படியில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள். அழுது முடித்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “பகல்ல அவரு நல்லா தூங்கணும். ஒரு குண்டூசி விழற சத்தம் வரக்கூடாது. நான் பாத்துக்கறேன்” என்றாள்.

அன்றிலிருந்து அவள் வீட்டில் ரேடியோ இல்லை. கொலுசைக் கழற்றிவிட்டாள். தாளிக்கும்போது கடுகு வெடிக்கிறதென்று கடுகையே நிறுத்தினாள். ஃபேன் கடகடவென்கிறதென்று அதையும் நிறுத்தினாள். நெய்வேலியில், மே மாசத்தில், ஃபேனை! அந்த மனுஷன் வாயைத் திறக்கவில்லை. நானாயிருந்தால் வீட்டை விட்டே ஓடியிருப்பேன்.

மிச்சமிருந்த சத்தம் எங்கள் பிள்ளைகள்தான். முழுப் பரீட்சை லீவு விட்டாயிற்று. ஒண்ணாவதிலிருந்து அஞ்சாவது வரை ஒரு பட்டாளமே தெருவில் கூப்பாடு போட்டுக்கொண்டு திரிந்தது. வேறொருத்தியாக இருந்தால் திட்டியிருப்பாள். இவள் வீடு வீடாக வந்து, “மத்தியானத்துல புள்ளைங்கள எங்கிட்ட விடுங்க, பாடம் சொல்லித் தரேன்” என்றாள். காசு வேண்டாம், நோட்டு வேண்டாம், பென்சில் வேண்டாம் என்றால் எந்தத் தாய்க்குக் கசக்கும்? மூணாவது படிக்கும் செல்வியையும் ஒண்ணாவது படிக்கும் குமாரையும் பிடித்துத் தள்ளிவிட்டு நான் நிம்மதியாகப் படுத்தேன்.

பாடம் அவள் வீட்டுப் பக்கத்து வேப்பமரத்தடியில். புளியங்கொட்டையில் கூட்டல் கழித்தல். கொட்டை தரையில் பட்டால் சத்தம் வருமே? அதற்கு ஈரத் துணி விரித்திருந்தாள். சிலேட்டு கிறீச்சிடும் என்று மணலில் விரலால் எழுத்து. ஒரு குச்சியை நட்டு, நிழல் நகர நகரக் கோடு போட்டு மணி பார்ப்பது. வெல்லத்துணுக்கு வைத்து எறும்பு எந்த வழியாகப் போகிறது என்று படம் வரைவது, அதுவும் கரித்தூளைக் குழைத்து. டிக்டேஷன்தான் அதிசயம். டீச்சர் வாயை மட்டும் அசைப்பாள், பிள்ளைகள் உதட்டைப் பார்த்தே எழுதும். கடைசியில் விளையாட்டு: சருகுக் குவியலை ஒரு சருகும் நொறுங்காமல் தாண்ட வேண்டும். சிரிப்பு வந்தால் வாயில் துண்டு.

பத்து நாள் போயிற்று. அடுப்படியில் திரும்பினால் செல்வி என் முதுகுக்குப் பின்னால் நிற்பாள். எப்போது வந்தாள், எப்படி வந்தாள், ஒன்றும் தெரியாது. உதடு அசையும். சத்தம் வராது.

“ஏண்டி, வாயத் திறந்து பேசித் தொலையேன்!”

“தண்ணி வேணும்னேம்மா. நீதான் பாக்கல.”

ஒருநாள் குமார் விழுந்து முழங்காலில் ரத்தம். பிள்ளை வாயை அகலத் திறந்து, முகம் சிவக்க, கண்ணீர் வழிய அழுகிறான். துளிச் சத்தம் இல்லை. அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். சண்டை போடப் போனேன். ஆனால் அந்த மரத்தடிக்குப் போனதும் என் குரலும் தானாக இறங்கிவிட்டது. கிசுகிசுவென்றுதான் சண்டை போட்டேன்.

“என்னம்மா பண்ணி வச்சிருக்கே என் புள்ளைய?”

“நேத்தும் மெஷின்ல கண்ணசந்துட்டாராம்க்கா. இன்னொரு வாட்டின்னா எறக்கி விட்டுடுவாங்களாம். எறக்கி விட்டா பரவால்ல, வுழுந்துட்டா?” அவள் கண் இரண்டும் சிவந்து கிடந்தது. “இன்னும் கொஞ்சம் சத்தத்தைக் கொறைக்கணும்க்கா.”

இதற்கு மேல் எதைக் குறைப்பது? மூச்சையா?

அப்போதுதான் நான் அதைப் பார்த்தேன். ஜன்னல் திரை லேசாக விலகியிருந்தது. இருட்டில் இரண்டு கண்கள். பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தன. நான் பார்த்ததும் திரை மூடிக்கொண்டது.

“உள்ளே யாரு?”

“அவருதான். அசந்து தூங்கிகினு இருக்காரு. இப்பத்தான் பாத்துட்டு வந்தேன்.”

அப்படியானால் அது யார் கண்?

இந்த லட்சணத்தில், காடாம்புலியூரிலிருந்து பலாச்சுளை விற்கும் அம்மா ஒருத்தி உச்சி வேளையில் தெருவுக்குள் வந்து, “பலாச்சுளையேய்ய்!” என்று ஒரு குரல் விட்டாள். அத்தனை பிள்ளைகளும் ஒரே நேரத்தில் திரும்பின. முகமெல்லாம் கரி. அத்தனை விரலும் உதட்டின் மேல். அவள் கூடையைப் போட்டுவிட்டுத் தலைதெறிக்க ஓடினாள்.

“வாய அசைக்குதுங்க, சத்தமே வரலீங்க! மைன்ஸுக்குத் தோண்டுன ஊருல செத்த புள்ளைங்க அது! வூடு தேடி வந்திருக்குதுங்க!” என்று பஸ் ஸ்டாண்ட் வரை சொல்லிக்கொண்டே போயிருக்கிறாள். மறுநாள் பால்காரர் வரவில்லை. இஸ்திரிக்காரர் எங்கள் துணியைத் தெருமுனையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

உஷ் டீச்சரிடம் சொன்னேன். அவளுடைய ஊரே மைன்ஸுக்குள் போன ஊர்தான். “எங்கூரு புள்ளைங்களா? இவ்ளோ அமைதியா? இருக்கவே இருக்காதுக்கா” என்றாள்.

கூடை போன பலாச்சுளைக்காரம்மா சும்மா இருப்பாளா? ஒரு வெள்ளிக்கிழமை பூசாரி ஒருவரை அழைத்துக்கொண்டு வந்துவிட்டாள். பேய் உலவும் உச்சி வேளையிலேயே வந்தார் அவர். டீச்சர் வீட்டு வாசலில் நின்று உடுக்கையை எடுத்து, டுகுடுகு டுகுடுகு என்று ஆரம்பித்தாரே பார்க்கலாம்!

டீச்சர் அப்போதுதான் தலைக்குக் குளித்திருந்தாள். விரித்த தலையோடு, வெறுங்காலோடு, உதட்டில் விரலை வைத்துக்கொண்டு ஓடிவந்தாள். பின்னால் கரி முகத்தோடு பட்டாளம். எல்லார் வாயும் அசைகிறது, ‘நிறுத்துங்க, நிறுத்துங்க’ என்று. பூசாரி முகத்தில் ஈயாடவில்லை. கை வெடவெடவென்று நடுங்க ஆரம்பித்தது. உடுக்கை கையில் அல்லவா இருக்கிறது? நடுக்கம் கூடக் கூடச் சத்தமும் கூடியது. அவரும் நிறுத்தத்தான் பார்க்கிறார், கை நிற்கவில்லை! டீச்சர் கிட்டே வர வர, காதைக் கிழித்தது உடுக்கை. கடைசியில் அதை அங்கேயே போட்டுவிட்டு எடுத்தார் ஓட்டம். பலாச்சுளைக்காரம்மா அவருக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள்.

சத்தம் நின்றது. எல்லாரும் ஜன்னலைப் பார்த்தோம். திரை அசையவில்லை.

டீச்சர் உள்ளே போனாள். நானும் பின்னாலேயே போனேன். அவர் கட்டிலில் மல்லாந்து கிடந்தார். அவ்வளவு சத்தத்துக்கும் எழவில்லை. கை ஒரு பக்கம் தொங்கியது.

“என்னாங்க...” என்று மெல்லக் கூப்பிட்டாள். தோளைத் தொட்டாள். தலை சரிந்தது. அப்போது போட்டாள் ஒரு அலறல், “என்னாங்க!” என்று. அவளுக்கு அப்படியொரு தொண்டை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரியும். எனக்கு உயிரே போய்விட்டது.

அவர் புரண்டு படுத்தார். குறட்டை விட்டார்.

சாயங்காலம் எழுந்து உட்கார்ந்த மனுஷன், “இந்த மாசத்துல இன்னிக்குத்தான் தூங்கனேன்” என்றார். கேட்டால் சொல்கிறார்: “மெஷினு பக்கத்துலயே இருந்து பழகிட்டேங்க. சத்தம் ஓடிகினே இருக்கணும். நின்னா ஏதோ கோளாறுன்னு அர்த்தம், பொசுக்குன்னு முழிப்பு வந்துரும். இவ உள்ள வந்து பாக்கறப்ப மட்டும் கண்ண மூடிக்குவேன். மத்த நேரம் ஜன்னல்ல நின்னு புள்ளைங்களப் பாத்துகினு இருப்பேன்.”

“அடப்பாவி மனுஷா, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?” என்றேன் நான்.

“கொலுசக்கூட கழட்டி வச்சிட்டா அவ. அவகிட்ட எப்படிச் சொல்றது?”

டீச்சர் எழுந்து போய் ஃபேன் சுவிட்சைப் போட்டாள்.

மறுநாள் மத்தியானம் பிள்ளைகளை ஜன்னலுக்கு நேரே வரிசையாக நிறுத்தி, “கத்துங்க” என்றாள். பிள்ளைகள் வாயைத் திறந்தன. சத்தம் வரவில்லை. எனக்கு மறுபடியும் பகீரென்றது. பிறகு குமார் தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஓரெண்டு ரெண்டு!” என்றான். அடுத்தது செல்வி. அப்புறம் பாருங்கள், வாய்ப்பாடு தெரு முனை வரைக்கும் கேட்டது. உள்ளே குறட்டை கேட்கிறதா என்று ஜன்னலில் காது வைத்துப் பார்த்தவள், தலையை ஆட்டிச் சிரித்தாள். அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப்போனாள். அந்த ஒரு மாசமும் அவர் தூக்கத்துக்குக் காவல் இருந்து, அவளும் தூங்கியிருக்கவில்லை.

பன்னிரண்டாம் வாய்ப்பாடு முடிந்தது. அதற்கு மேல் பிள்ளைகளுக்குத் தெரியாது. சத்தம் அடங்கிக்கொண்டே வந்தது. நான் வீட்டுக்குள் ஓடி, கைக்குக் கிடைத்த எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் எடுத்துவந்து, அந்த வெயிலில் அவள் பக்கத்தில் நின்றுகொண்டு, சாயங்காலம் வரை தட்டிக்கொண்டே இருந்தேன்.