மான்களின் கல்யாணத்துக்கு என் ஆட்சேபம்

மொய்ராங்,
செவ்வாய்க்கிழமை.

மான் ஆராய்ச்சிக்கூடத் தலைவி, மதிப்பிற்குரிய ஓஜா மெம்ச்சா தேவி அவர்களுக்கு, தொங்காம் குலச்சந்திர சிங் கைகூப்பி எழுதுவது. நானும் என் சர்க்கரை வியாதியும் சௌக்கியம். தங்கள் நலத்தையும் நம் ஏரியின் சங்காய் மான்களின் நலத்தையும் அறிய ஆவல்.

முப்பது வருஷமாக எங்கள் தெருவில் என்னைக் கேட்காமல் ஒரு கல்யாணம் நடந்ததில்லை. ஒரே வயிற்றில் பிறந்தவர்களின் வாரிசுகள், எத்தனை தலைமுறை ஆனாலும், கட்டிக்கொள்ளக் கூடாது. அது மெய்தெய் முறை. அதனால்தான் உங்களிடம் ஆராய்ச்சிக்கு மான் புழுக்கை பொறுக்கும் சுரஞ்சோய் என் மகள் லின்தோயைக் கேட்டு வந்தபோது, அவன் கொள்ளுப்பாட்டியும் என் மனைவியின் கொள்ளுப்பாட்டியும் ஒரு தாய் மக்கள் என்று சொல்லி, டீயைக்கூடக் குடிக்கவிடாமல் அனுப்பினேன். நியாயந்தானே?

போன ஞாயிறு நீங்கள் கூட்டம் போட்டு அறிக்கை வாசித்தீர்கள். மைட்டோகாண்ட்ரியாவாம், தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்குப் போகுமாம், அதை எழுத்தெழுத்தாகப் படித்தீர்களாம், பர்மா மான் நெருங்கிய சொந்தமாம், சோதித்த பதினெட்டு சங்காயும் ஒரே தாய்வழியாம். அப்பன்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, போகட்டும். நான் எழுந்து, "அப்ப எல்லாம் அண்ணன் தங்கச்சிதானே? உடனே பிரிச்சு வையுங்க, பர்மாவுல பொண்ணு பாருங்க!" என்றேன். அதற்கு நீங்கள், அண்ணன் முறை வைத்து, "தாமோ, எழுபத்தஞ்சுல எண்ணினப்போ பதினாலுதான் மிஞ்சியிருந்துச்சு. அதுங்க உங்ககிட்ட வந்து வம்சம் கேட்டிருந்தா, இன்னைக்கு ஏரியில கொம்பு மட்டுந்தான் கெடக்கும்" என்றீர்கள். மீன் விற்கும் அம்மாக்கள் கூடையைத் தட்டிச் சிரித்தார்கள். அவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தவள் என் மகள். "மானுக்குப் பதினாலாச்சும் மிஞ்சுச்சு பாபா. எனக்கு யாரை மிச்சம் வச்சிருக்கீங்க? மொய்ராங்குல ஒருத்தன் விடாம, ஏதாவது ஒரு பாட்டியைச் சொல்லித் தொரத்திட்டீங்களே!" என்று சபையிலேயே கேட்டாள். மானம் போனது. இருபத்தொன்பது வயது, ஒரே மகள், ஓஜா. எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆகவே அந்த அறிக்கையைக் கிழித்துப் போடுங்கள். சுரஞ்சோயைப் புழுக்கையே கிடைக்காத ஊருக்கு மாற்றுங்கள்.

ஏரியும் மானும் நீங்களும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
தொங்காம் குலச்சந்திர சிங்

பி.கு.: உறையை ஒட்டும்போது சுரஞ்சோயின் அப்பா நாலு பெரியவர்களோடு வந்து, "உங்க பொண்ணு எங்க வீட்டுல பத்திரமா இருக்கா" என்று, ஓடிப்போன பெண்ணின் வீட்டுக்குச் சொல்லும் எங்கள் ஊர் முறைப்படி, சொல்லிவிட்டுப் போனார். காலையில் சந்தைக்கென்று கிளம்பியவள்தான். அறிக்கையைக் கிழிக்க வேண்டாம். ஒரே தாய்வழியாக இருந்தும் பதினாலு மான் இருநூறுக்கு மேல் பெருகிய பக்கத்தை மட்டும் முத்திரை குத்தி இரண்டு பிரதி அனுப்புங்கள். ஒன்று தெருவாருக்குக் காட்ட. இன்னொன்று எனக்கு.