ஒரு தவறும் நடவாத மருத்துவச்சாலை

பிணியிலாபுரி நாட்டு அரசு மருத்துவச்சாலையில் பதினோரு ஆண்டுகளாக ஒரு தவறும் நடந்ததில்லை. ஈரேழு உலகிலும் வேறெந்த மருத்துவச்சாலையும் இப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது. இதைச் சொன்னவர் தலைமை மருத்துவர் கோளரிநாதர். வாசலில் கல்வெட்டாகச் செதுக்கச் சொன்னவரும் அவரே. ஆகவே சந்தேகத்துக்கு இடமில்லை.

அதற்கு முன்பு அங்கே ஒரு வழக்கம் இருந்தது. கத்தி வைக்குமுன் செவிலியர் நோயாளியின் பெயரையும், நோவு எந்த இடத்தில் என்பதையும் உரக்கச் சொல்வார். நோயாளி "ஆமா" என்பார். அதன் பிறகுதான் கத்தி. பேர்கூறல் என்று அதற்குப் பெயர். கோளரிநாதருக்கு அது அறவே ஆகாது.

"சந்தையில மாட்டை ஏலம் விடுற மாதிரி என்னய்யா இது? நான் பக்கத்துல வந்து நின்னா, எது நோவுக் காலு, எது நல்ல காலுன்னு காலே சொல்லும்!" என்பார். மூக்கைப் பிடித்துக்கொண்டு செவிலியரின் குரலில் பேர்கூறிக் காட்டுவார். சீடர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரிக்காதவர்கள் சீடர்களாகத் தொடரவில்லை.

ஒரு நாள் சடையாண்டி என்ற வண்டிக்காரர் இடது முழங்காலில் சீழ் வைத்து வந்து படுத்தார். கோளரிநாதர் வலது முழங்காலை நோக்கிக் கத்தியைக் கொண்டுபோனார். செவிலி மரகதவல்லி வாயைத் திறந்தார்.

"ஐயா, இவரு சடையாண்டி. இடது..."

கோளரிநாதரின் கையிலிருந்து கருவித்தட்டு பறந்தது. மரகதவல்லி குனிந்தார். தட்டு சுவரில் மோதித் திரும்பி, பக்கத்துக் கட்டில்காரரின் கஞ்சிக் கிண்ணத்தில் இறங்கியது. வலது முழங்கால் திறக்கப்பட்டது. உள்ளே ஒன்றும் இல்லை.

"பாத்தியா, எவ்வளவு சுத்தமா இருக்கு! என் கைராசி அப்படி" என்றார் கோளரிநாதர்.

"ஐயா, நோவு அந்தக் கால்லங்க" என்று முனகினார் சடையாண்டி.

"அதையும் திறப்போம்யா. என்ன அவசரம் உனக்கு?"

மரகதவல்லி புகார் கொடுத்தார். நலத்துறை மந்திரி பூவராகர் உடனே மூவர் குழு அமைத்தார். மூவரும் கோளரிநாதரின் சீடர்கள். குழு தட்டு பறந்த பாதையை நூல் பிடித்து அளந்தது. தட்டு நேராகத்தான் சென்றிருக்கிறது, செவிலிதான் அதன் வழியில் நின்றிருக்கிறார் என்று கண்டறிந்தது.

"பறக்கும் தட்டின் போக்கில் அரசு தலையிட இயலாது" என்று மந்திரி அறிவித்தார். "ஆயினும், செவிலியர் நலனில் இவ்வரசு கொண்டுள்ள தாயன்பை முன்னிட்டு, இனி அவர்கள் கட்டிலிலிருந்து பத்து முழம் தள்ளி நிற்பார்களாக!"

பத்து முழத்துக்கு அப்பாலிருந்து எந்தக் குப்பியில் எந்த மருந்து என்று தெரியவில்லை. அந்த மாதம் காதுவலி என்று வந்தவர்களுக்கெல்லாம் வயிறு போயிற்று. செவிலியர் தூரத்திலிருந்தே குரல் கொடுத்துப் பார்த்தார்கள்.

"சத்தம் போடுறாங்க! ஒழுக்கம் கெட்டுப்போச்சு!" என்று கோளரிநாதர் போட்ட சத்தம் அரண்மனைவரை கேட்டது.

அடுத்த ஆணை வந்தது. சந்தேகத்தை இனி வாயால் சொல்லக் கூடாது. மனுவாக எழுத வேண்டும். யார்மீது சந்தேகமோ அந்த மருத்துவரிடமே கையெழுத்து வாங்க வேண்டும். அதன் பிறகு தாராளமாகச் சொல்லலாம். பேர்கூறல் மட்டும் ராஜதுரோகம்.

ஒரு மனுவிலும் கையெழுத்து விழவில்லை. கையெழுத்து இல்லையென்றால் சந்தேகம் இல்லை. சந்தேகம் இல்லையென்றால் தவறும் இல்லை. கல்வெட்டு அப்போதுதான் வந்தது. ஆண்டுதோறும் கல்தச்சர் வந்து எண்ணை மட்டும் மாற்றிவிட்டுப் போவார்.

மக்கள் கருத்தையும் கேட்காமல் இல்லை. சிறந்த மருத்துவர் யார் என்று நோயாளிகளிடம் ரகசிய வாக்கெடுப்பு நடந்தது. சீட்டை நாலாக மடித்து மருத்துவரின் கையிலேயே கொடுக்க வேண்டும், ஊசி போடுவதற்குச் சற்று முன்பு. கோளரிநாதருக்கு நூற்றுக்கு நூறு. சடையாண்டி இரண்டு கட்டைகளை ஊன்றி வந்து வாக்களித்தார். கட்டிலைவிட்டு இனி எழவே முடியாதவர்கள், தேர்தலில் ஆர்வமற்றவர்கள் என்று பட்டியலில் குறிக்கப்பட்டார்கள்.

பதினோராம் ஆண்டு விழாவில் மாலை வரச் சற்றுத் தாமதமாயிற்று. கோளரிநாதர் கோபத்தில் முக்காலியை ஓர் உதை உதைத்தார். அது கருங்காலி முக்காலி. இடது கால் சுண்டுவிரல் கூழாகிவிட்டது. விரலை எடுத்தே ஆகவேண்டும் என்று முடிவாயிற்று.

எடுக்க வந்தவர் தலைமைச் சீடர் வச்சிரவேல். தட்டு எறிவதில் குருவை மிஞ்சியவர். அறைக்குள் நுழையும்போதே இரண்டு எறிந்துவிட்டுத்தான் நுழைந்தார். வந்த வேகத்தில் குருவின் வலது காலைப் பிடித்துத் துணி விரித்தார்.

"தம்பி வச்சிரவேலு, அது வந்து..."

"ஐயா, படுத்திருக்கறவனுக்கு வாய் எதுக்குன்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க?"

மூன்றாவது தட்டு கையில் உயர்ந்தது. கோளரிநாதர் குனியப் பார்த்தார். படுத்தபடி குனிய முடியவில்லை. பத்து முழத்துக்கு அப்பால் மரகதவல்லி கைகட்டி நின்றிருந்தார்.

"அம்மா மரகதம், நீயாச்சும் சொல்லும்மா" என்றார் கோளரிநாதர், உதட்டை மட்டும் அசைத்து.

"மனு எழுதி வச்சிட்டேங்க. சின்ன ஐயா கையெழுத்து போட்டதும் சொல்லிடறேன்."

"எப்ப போடுவாரு?"

"இதுவரைக்கும் யாரும் போட்டதில்லீங்களே."

வச்சிரவேல் கத்தியைத் தீயில் காட்டியபடி, வெந்நீர் எங்கே என்று வாசலைப் பார்த்து உறுமிக்கொண்டிருந்தார். கோளரிநாதர் சுற்றும்முற்றும் பார்த்தார். தொண்டையைச் செருமினார். பிறகு, கோயிலில் சன்னதி முன் நின்று வேண்டிக்கொள்பவரைப்போல, மிக மெல்லிய குரலில் ஆரம்பித்தார்.

"கோளரிநாதர். இடது கால். சுண்டுவிரல்."



"ஆமா" என்றார் அவரே.