தாழிப் பிசாசின் ரத்துப் பத்திரம்

தாமிரபரணி பாயும் சீமையிலேயே பிசாசுக்கு நான்கெல்லை வகுத்த ஒரே மனிதர் எங்கள் நாலெல்லை அண்ணாச்சிதான்.

பாளையங்கோட்டை ரிஜிஸ்தர் கச்சேரி வாசலில் நிலத்துக்கு நான்கெல்லை குறித்துப் பத்திரம் எழுதுவது அவர் தொழில். மாதம் ஒரு சிறு புத்தகமாக மாந்திரீகக் கதை எழுதுவது அவர் பைத்தியம். ஆதிச்சநல்லூரில் பிணம் புதைத்த பழைய தாழிகளைத் தோண்டியெடுத்த காலம் அது. அவர் கதையிலும் ஒரு தாழியை உடைத்துக்கொண்டு தாழியன் என்ற ஆதிகாலத்து மந்திரவாதி கிளம்பினான். அவன் தன் பிசாசைச் சீடனுக்குக் கொடுக்கும்போதுகூட, "வடக்கே ஆலமரம், தெற்கே ஆறு, கிழக்கே வாய்க்கால், மேற்கே சுடுகாடு, இந்நான்கெல்லைக்கு உட்பட்ட பிசாசைப் புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்வாயாக" என்றுதான் கொடுப்பான். வாசகர்கள் அதற்கும் நடுங்கினார்கள்.

ஆனால் அண்ணாச்சி தம் பெருவிரலை மட்டும் எந்தப் பத்திரத்திலும் படவிடமாட்டார். "ரேகை வைக்கவன் தலையிலதான்வே எல்லாம் விடியும்" என்று சாட்சிக்குக்கூட நிற்காமல் நழுவிவிடுவார்.

அவர் புத்தகங்களை அச்சடித்த அச்சகத்தில் நான் புரூப் பார்த்தேன். இருபத்திரண்டு வயது, இலக்கணம் தெரியும் என்ற திமிர் வேறு. ஒன்பதாம் புத்தகத்தில் ஒரு மந்திரம் வந்தது. அதை முதலில் வாசிப்பவனைத் தாழிப் பிசாசு காய்ச்சலாக வந்து பிடித்துக்கொள்ளும் என்பது கதை. "எளு, எளு, தாளி உடைத்து எளு" என்று எழுதியிருந்தார். எங்கள் பக்கத்தில் பலருக்கு ழகரம் நாக்கில் ஏறாது. இவருக்குக் கையிலும் ஏறவில்லை போலும் என்று அத்தனையையும் திருத்தி அனுப்பினேன். மற்ற பக்கங்களில் ழகரம் ஒழுங்காக இருந்ததை யோசிக்கவில்லை.

புத்தகம் வெளிவந்த அன்று அண்ணாச்சி மேல்துண்டுகூட இல்லாமல் ஓடிவந்தார்.

"யாருவே இதைத் திருத்தினது?"

"நான்தான் அண்ணாச்சி. பிழையா இருந்துச்சு."

"பிழைதான்வே அதுக்குக் கட்டு! ஒரு எழுத்து தப்புன்னா பத்திரம் செல்லாதுல்லா? மந்திரமும் செல்லாது. அதுக்குன்னே பாத்துப் பாத்துத் தப்பா எழுதுதேன். நீரு பூட்டை உடைச்சுப்போட்டீரே! மனசுக்குள்ள படிச்சீரா, சத்தமாவா?"

"புரூப்னா சத்தமாத்தானே படிக்கணும்?"

அண்ணாச்சி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

நாலாம் நாள் குளிர்காய்ச்சல் வந்து படுத்தேன். பாபநாசம் மலைக்குப் போய் வாங்கிவந்த கொசுக்கடி என்று டாக்டர் மலேரியாவுக்கான கொயினா மாத்திரை கொடுத்தார். ஒரு வாரமாகியும் காய்ச்சல் இறங்கவில்லை. அக்காள் அழ ஆரம்பித்தாள். எனக்கும் பயம் வந்துவிட்டது. அது சாவு பயம், பிசாசு பயமில்லை என்று இன்றுவரை சாதித்துவருகிறேன்.

ஒருநாள் மத்தியானம் அண்ணாச்சி முத்திரைத்தாளோடு வந்தார். இடது கைப் பெருவிரலை மறைப்பதுபோல் மடக்கிவைத்திருந்தார்.

"ரத்துப் பத்திரம்வே. பைய வாசிச்சுப் பாரும். இதுல பிழை இருந்தா நீரு பிழைக்க மாட்டீரு."

வாசித்தேன். "வடக்கே சுவர், தெற்கே தண்ணீர்க்குடம், கிழக்கே சன்னல், மேற்கே மேற்படியாரின் அக்காள், இந்நான்கெல்லைக்கு உட்பட்ட கட்டிலில் கிடக்கும் மேற்படியார் மீது தாழியனாகிய எனக்கோ என் வாறிசுகளுக்கோ இனி எவ்விதப் பாத்தியமும் இல்லை." அந்தக் காய்ச்சலிலும் 'வாறிசு' கண்ணை உறுத்தியது. சுட்டிக்காட்டினேன். உடனே பேனாவை எடுத்துத் திருத்தி, தாளை என் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. கொயினா வேலை செய்துவிட்டது என்றார் டாக்டர்.

பத்தாம் புத்தகம் வரவே இல்லை. கேட்டவர்களிடம், "தாழியன்தான் எழுதிக்கொடுத்துட்டானே, இனி அவனுக்கு இங்கன என்ன சோலி?" என்றார் அண்ணாச்சி. அத்தனை ஆசையாக வளர்த்த மந்திரவாதியை அதன்பின் அவர் தொடவில்லை.

அந்தப் பத்திரம் என் பெட்டியில் இருக்கிறது. உடம்பு தேறியபின்தான் அதன் அடிப்பாகத்தைக் கவனித்தேன். எழுதிக்கொடுப்பவர் தாழியன் என்ற இடத்தில் ஒரு பெருவிரல் ரேகை. அதன் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. பேனாக்கத்தி வெட்டிய அந்தத் தழும்பு அண்ணாச்சி விரலில் உண்டு. என்னை விட்ட பிசாசு ரேகை வைத்த தம் தலையிலேயே விடியும் என்று நம்பிக்கொண்டேதான் வைத்திருக்கிறார்.

கொயினாவைப் பற்றி அவர் இருந்தவரை அவரிடம் நான் வாயே திறக்கவில்லை.