பாதி வந்த பதில்

மீசை இருக்கிறவரை தண்ணீர் வண்டியைத் தொடுவதில்லை என்பது குருநாதனின் சபதம். சாயல்குடிப் பக்கம் குடம் ஏற்றுகிற தள்ளுவண்டி பெண்கள் பாடு. ஆண்பிள்ளை தள்ளினால் ஊர் ஒரு வருஷத்துக்கு வேறு பேச்சுப் பேசாது. அவன் மனைவி உமையாள் தோள்வலியோடு தள்ளினாள். "ஒரு நாளாச்சும் தள்ளுங்களேன்" என்று கெஞ்சியும் பார்த்தாள். மிளகாய்த் தோட்டத்தில் பம்பரமாகச் சுற்றுகிறவனுக்கு அப்போது மட்டும் காது கேட்காது.

சபதத்துக்கு வினையாக வந்தது ஒரு செல்போன். சென்னையில் செல்போனுக்கு மென்பொருள் எழுதுகிற அவன் தங்கை சேதுலட்சுமி, பொங்கலுக்கு வந்தபோது மதினிக்குக் கொடுத்தது. இன்டர்நெட்டெல்லாம் வரும். ஆனால் ஊரில் டவர் கிடைப்பது தண்ணீர் எடுக்கிற ஊற்றங்கரை மணல்மேட்டில் மட்டும். ஊற்றில் தண்ணீர் ஊறுகிறவரை உமையாள் போனைப் பார்ப்பாள். பார்த்துப் பார்த்துச் சிரிப்பாள். தோட்டத்துக்குப் போகிற வழியில் குருநாதன் அதைப் பார்த்துவிட்டான். கல்யாணமான நாளிலிருந்து தன்னைப் பார்த்து அவள் அப்படிச் சிரித்ததே இல்லை. அன்று வீட்டுக்கு வந்ததும் அவளை மடக்கினான்.

"யாரு புள்ள அது?"

"எது?"

"போனுக்குள்ள இருக்கவன்."

"உள்ள பேட்டரிதான் இருக்கு."

"பேட்டரியப் பாத்தா அம்புட்டுச் சிரிப்பு?"

"டவர் பத்தாம எழுத்து கொஞ்சங்கொஞ்சமாத்தான் வரும்ங்க. கீழ ஒரு கோடு ஓடும். அது முழுசா ரொம்புனாத்தான் பதில் முழுசா வந்துருச்சுன்னு அர்த்தம். அதுக்குள்ள படிச்சா அரைவேக்காடு."

"நான் ஆளக் கேட்டா நீ கோட்டச் சொல்ற."

"பேரு கடைசியிலதான் வரும்" என்று சொல்லிவிட்டு அவள் உலை வைக்கப் போய்விட்டாள்.

மறுநாள் சாயங்காலம் போன் அரிசிப் பானை மேல் கிடந்தது. உமையாள் மாட்டுக்குத் தவிடு வைத்துக்கொண்டிருந்தாள். குருநாதன் பாய்ந்து எடுத்தான். கோடு பாதியில் நின்றிருந்தது. எழுத்தும் பாதிதான்.

'உங்க கஷ்டத்தை நினைச்சா எனக்குச் சோறு இறங்கலை. பொறுத்தது போதும். அவரை எப்படி வழிக்குக் கொண்டுவரணும்னு எனக்குத் தெரியும். நாளைக்குக் காலையில் ஊற்றங்கரையில்'

அவ்வளவுதான். சோறு இறங்காத அந்தப் பயல் யார்? குருநாதனுக்கும் அன்று சோறு இறங்கவில்லை.

"நாளைக்கு நீ ஊத்துக்குப் போகாத."

"தண்ணி?"

"நான் போறேன்."

"நீங்களா? மீசை?"

"மீசை கெடக்கு. போனும் என்கிட்டயே இருக்கட்டும்."

"ஊரு சிரிக்குமே."

"சிரிக்கட்டும். வாரவன் யாருன்னு..." என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

உமையாள் வண்டிச் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டு, மஞ்சள் குடத்தை எப்போதும்போல முன்கம்பியில் மாட்டி வைத்தாள்.

விடிந்ததும் குருநாதன் வண்டியைத் தள்ளிக்கொண்டு புறப்பட்டான். குடங்களுக்கு நடுவே அரிவாள். ஊற்றங்கரையில் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"என்னண்ணே, மதினிக்கு மேலுக்குச் சரியில்லையா?" என்றாள் பக்கத்து வீட்டுச் சண்முகவள்ளி.

"இங்கன ஆம்பளை எவனும் வந்தானா?"

"வந்துருக்காக. நீங்கதான்."

அவன் காத்திருந்தான். எவனும் வரவில்லை. சும்மா நிற்பானேன் என்று தண்ணீரை மொண்டு குடங்களை நிரப்பினான். இடுப்பு பிடித்துக்கொண்டது. இந்த வலியோடா இவள் தினமும் வந்தாள் என்று ஒரு நிமிஷம் நினைத்தான். உடனே பொறாமை வந்து அந்த நினைப்பைத் தள்ளிவிட்டது.

அப்போது மடியிலிருந்த போன் முனகியது. டவர் கிடைத்துவிட்டது. கோடு நகர்ந்து நகர்ந்து, கடைசியில் முழுசாக நிரம்பியது. குருநாதன் மீதியைப் படித்தான்.

'நிற்கப்போறது நீங்க இல்லை மதினி, எங்க அண்ணன்தான். முழுசா வருகிறவரை அதுக்குப் பொறுமை கிடையாது. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். அதனால் இதை முழுசாப் படிச்சிட்டு, திரும்பத் திறந்து, பாதி வந்ததும் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போய் அது கண்ணில் படுகிற மாதிரி வையுங்க. மீதியைத் தேடி அதுவே வண்டியைத் தள்ளிட்டு வரும். தோளுக்குத் தைலம் தடவிட்டுப் படுங்க. இப்படிக்கு, சேதுலட்சுமி. பின்குறிப்பு: அண்ணே, மஞ்சள் குடத்தை மறந்திருப்பே.'

குருநாதன் வண்டியைத் திரும்பிப் பார்த்தான். மஞ்சள் குடம் காலியாகத்தான் இருந்தது.