கடமான் கொம்பையா திறந்த அலுவலகம்

ஒரு காட்டில், அதுவும் மேகம் இறங்கி மேய்கிற மலைக்காட்டில், கொம்பையா என்றொரு கடமான் இருந்தது. நல்ல கொம்பு, கெட்ட முழங்கால்.

மழை விட்ட வாரம், வேங்கையன் என்ற புலி மண்ணில் கோடு கிழித்து வேட்டைக்குத் திட்டம் போடுவதைப் புதருக்குப் பின்னாலிருந்து கொம்பையா பார்த்துவிட்டது. ஓடைப்பக்கம் இரண்டு புள்ளிமான். மேட்டுப் புல்வெளியில் ஒரு கடமான்.

"முதல்ல அந்த நொண்டியை முடிச்சிடலாம்" என்று புலி முணுமுணுத்தது.

சேதி தெரிந்ததும் மான்கள் எல்லாம் அடுத்த மலைக்கு ஓடின. கொம்பையா எங்கே ஓடும்? ஒரு பலகையைக் கல்மேல் வைத்து, 'வேட்டை அனுமதி அலுவலகம்' என்று அதில் எழுதிவிட்டு, பின்னால் உட்கார்ந்துகொண்டது.

காலையில் புலி வந்தது. "என்னடா இது?"

"வரிசையில வாங்க."

"நான் ஒருத்தன்தானே நிக்கிறேன்!"

"அப்ப நீங்கதான் முதல் ஆள். டோக்கன் எடுத்துக்குங்க."

கொம்பையா ஒரு படிவத்தை எடுத்துப் பலகைமேல் வைத்தது.

"பக்கத்து மலைப் புலி போன வாரமே விண்ணப்பம் கொடுத்துட்டார்."

வேங்கையனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. படிவத்தைப் பிடுங்கிக்கொண்டு போனது.

பதினேழு முத்திரை வேண்டுமாம். கரடியிடம் இருப்பிடச் சான்று, ஆந்தையிடம் கண்பார்வைச் சான்று, குரங்கிடம் நன்னடத்தைச் சான்று. குரங்கு மட்டும் மூன்று முறை 'நாளைக்கு வா' என்றது. புலி ஓடையில் நண்டு பிடித்துத் தின்று நாளை ஓட்டியது. விலா எலும்பை எண்ணிவிடலாம் போல இளைத்தது.

பாவம் பார்த்த ஒரு நரி அதை வழிமறித்தது. "அண்ணே, இப்படி ஒரு சட்டமே காட்டுல கிடையாது. மான் உங்களை ஏமாத்துது. போய் ஒரே அடியா அடிங்க."

வேங்கையன் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தது. பதினாறு முத்திரை. ஒன்றுதான் பாக்கி.

"இவ்வளவு அலைஞ்சது வீணாடா?" என்று உறுமியது. நரியின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தது.

"ஐயா, நம்ம ஆபீஸையே பொய்யின்னு சொல்றான் இவன். நரியை அடிக்கவும் இதே படிவம்தானா?"

கொம்பையா நரியைப் பார்த்தது. நரி கொம்பையாவைப் பார்த்தது.

"நரிக்குப் படிவம் தேவையில்லீங்க" என்றது கொம்பையா.

அன்று புலி வயிறாரச் சாப்பிட்டது.

நீதி: ஊருக்கு உண்மையைச் சொல்லக் கிளம்பும் முன், உன்னைத் தின்ன அனுமதி வேண்டுமா வேண்டாமா என்று விசாரித்து வைத்துக்கொள்.