அடுத்த விழாவுக்குக் கட்டாயம் போகிறவர்

பயணத் திட்டக்காரர் என்றொரு பிறவி உண்டு. ஊர் ஊராகச் சுற்றுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் சுற்றுவதெல்லாம் தம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையைத்தான்.

கானா நாட்டுக் கடற்கரையில், எங்கள் கேப் கோஸ்ட் ஊரில், என் அடுத்த வீட்டுக்காரர் எபோ இந்த இனத்தில் முதல் தரம். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் மனைவி அராபா அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: இரண்டு நாள் குமாசி நகருக்குப் போய், அரண்மனையில் மன்னர் கொலுவிருக்கும் அக்வாசிடே விழாவைக் கணவரோடு பார்க்க வேண்டும். அந்த விழாவோ ஆறு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வரும். திட்டக்காரருக்கு இதைவிட ஆபத்தான விழா உண்டா? இந்த முறை போகாவிட்டால் என்ன, நாற்பத்திரண்டாம் நாள் இன்னொன்று இருக்கிறதே!

எபோவின் நோட்டைத் திறந்தால், எந்த விடுதியில் எந்த ஜன்னல் பக்கம் வெயில் வராது, மன்னர் முன் தோள் துணியை எத்தனை விரற்கடை இறக்க வேண்டும், வழியில் கெங்கே என்கிற மக்காச்சோள உருண்டையும் பொரித்த மீனும் தின்ன எத்தனை நிமிஷம், உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு வலப்பக்கத்திலிருந்து வணக்கம் சொல்லிக்கொண்டு போக எத்தனை நிமிஷம் என்று பதினேழு பக்கம் ஓடும். பதினான்காவது குறிப்பு: அராபா யாருக்கும் இடது கையை நீட்டக் கூடாது. அராபா இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவள்.

"என் கை என்கூடத்தானே வருது, நான் பாத்துக்கறேன். நீ வருவியா, அதச் சொல்லு," என்றாள் அவள்.

"அவசரப்பட்டா எல்லாம் கெட்டுடும் அராபா. அடுத்த விழாவுக்குக் கட்டாயம்."

போன சனிக்கிழமை அதிசயமாகப் பெட்டியோடு பேருந்து நிலையம் வரை வந்துவிட்டார். வழியனுப்ப நானும் போனேன். அந்தக் காட்சியைத் தவறவிட மனசு வருமா? அராபா ஏறி உட்கார்ந்தாள். எபோ படியருகே நின்று நோட்டைப் பிரித்தார்.

"வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பும்?"

சீட்டு கொடுக்கிற அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நெறைஞ்சதும் கிளம்பும், மாஸ்டர்."

"எத்தனை மணிக்கு நெறையும்?"

"நீங்க ஏறினா இப்பவே. ஒரு சீட்டுதான் பாக்கி."

உள்ளேயிருந்து இருபது குரல்: "ஏறுய்யா! உன்னாலதான் எல்லாரும் வேகறோம்!"

எபோ நோட்டில் ஆறு நாற்பது என்பதை அடித்துவிட்டு, அங்கே என்ன எழுதலாம் என்று யோசித்தார். யோசனை முடிவதற்குள் கருவாட்டுக் கூடைக்காரி ஒருத்தி அவரை இடித்துக்கொண்டு ஏறி, அராபா பக்கத்தில் உட்கார்ந்தாள். வண்டி கிளம்பிவிட்டது.

"அராபா! என்னை விட்டுட்டு..."

"நீ அடுத்த விழாவுக்கு வா, எபோ!"

ஜன்னலில் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. குமாசிக்கு அடுத்த வண்டி பக்கத்திலேயே காலியாக நின்றது. எபோ ஏறவில்லை. நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, நாற்பத்திரண்டு நாளை எண்ண ஆரம்பித்திருந்தார்.

திங்கட்கிழமை அராபா திரும்பி வந்து போனில் படம் காட்டினாள். அரண்மனை வாசலில் அவளும் கருவாட்டுக்காரியும், தோளோடு தோள்.

"இவங்கள எங்க கூப்பிட்டாலும் 'வா, போலாம்'னு சொன்னாங்க எபோ. வேற ஒண்ணுமே சொல்லல," என்றாள்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். பரீட்சை முடியட்டும், வெயில் தணியட்டும், அடுத்த லீவுக்குக் கட்டாயம் என்று நீங்கள் யாரிடம் சொல்லி வைத்திருக்கிறீர்கள்? அந்த ஆளின் பக்கத்துச் சீட்டு இன்னும் காலியாக இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிடுங்கள்.